ஆஃபர் லெட்டர்ல 4.5 லட்சம், கையில எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை அப்படியே வைக்கப்பட்டு, திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு முதல் சம்பளத்தைப் பத்திப் பேசப் போறோம். இன்ஜினியரிங் கடைசி வருஷம், கையில ஒரு ஆஃபர் லெட்டர், மனசுல ஒரே கேள்வி: இது சரியான தொகையா, இல்ல நம்மளைக் குறைச்சு மதிப்பிட்டுட்டாங்களா? இந்தக் கேள்வியோட நிறைய மெயில் வருது.

நான் ஆறு வருஷம் ஒரு கம்பெனியோட ரெக்ரூட்மென்ட் டீம்ல இருந்தேன். ஆஃபர் லெட்டரை டைப் பண்ணி அனுப்புற பக்கம். அதனால அந்தப் பேப்பர்ல எந்த வரி எதுக்காக இருக்குன்னு ஓரளவுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துல இருந்து பார்த்ததைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

ஒரு மெயிலை எடுத்துக்கலாம். எழுதினவங்க சம்மதத்தோட படிக்கிறேன், பேரும் காலேஜும் வேண்டாம்னாங்க. இசிஇ கடைசி வருஷம், தேனி பக்கத்துப் பொண்ணு. "அண்ணா, எனக்கு ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு சென்னை ஐடி கம்பெனி, நாலரை லட்சம். ரெண்டு வருஷ சர்வீஸ் அக்ரிமென்ட், நடுவுல விட்டா ஒன்றரை லட்சம் கட்டணும். இன்னொண்ணு கோயம்புத்தூர்ல முப்பது பேர் இருக்கிற ஒரு எம்பெடட் கம்பெனி, மூணு லட்சம்தான், ஆனா பாண்ட் இல்ல. வீட்டுல எல்லாரும் நாலரைக்குப் போன்னு சொல்றாங்க. எஜுகேஷன் லோன் 5 லட்சம் இருக்கு. மூணு லட்சம்ங்கிறது ரொம்பக் கம்மியா அண்ணா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

வீட்டுல சொல்றது புரியுது. நாலரைக்கும் மூணுக்கும் நடுவுல ஒன்றரை லட்சம் இருக்கு. தேனி பக்கத்துல ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் சின்னத் தொகை இல்ல. ஆனா அந்த ஒன்றரை லட்சம் நிஜமாவே இருக்கான்னு முதல்ல பார்த்துடலாம்.

அவங்க நாலரை லட்சம் ஆஃபரோட பிரேக்அப்பையும் அனுப்பியிருந்தாங்க. பேப்பர், பேனா இருந்தா எடுத்துக்கோங்க. பேசிக் மாசம் 15,000. வீட்டு வாடகைப் படி 6,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 5,500. மொத்தம் மாசம் 26,500, வருஷத்துக்கு 3,18,000. இதுவரைக்கும்தான் சம்பளம். நாலரை லட்சத்துல மீதி 1,32,000 எங்க இருக்கு?

கம்பெனி உங்க பேர்ல கட்டுற பிஎஃப், மாசம் 1,800, வருஷம் 21,600. கிராஜுவிட்டின்னு 8,658. இன்சூரன்ஸ் பிரீமியம் 6,742. வேரியபிள் பே 45,000. ரிடென்ஷன் போனஸ்னு 50,000, அது ஒரு வருஷம் முடிஞ்சப்புறம். எல்லாத்தையும் கூட்டினா சரியா 4,50,000 வரும்.

சிடிசின்னா என்னன்னு நிறைய பேர் தப்பாப் புரிஞ்சிருக்காங்க. அது உங்க சம்பளம் இல்ல. உங்களால கம்பெனிக்கு வருஷத்துக்கு ஆகுற செலவு. செலவுக் கணக்குல எதை வேணாலும் சேர்க்கலாம். சில கம்பெனிகள் கேன்டீன் சாப்பாட்டையும் பஸ்ஸையும் கூடச் சேர்க்கும். இதுல பொய் எதுவும் இல்ல, சட்டப்படி தப்பும் இல்ல. ஆனா காலேஜ் வாசல்ல ஃப்ளெக்ஸ் வைக்கிறப்போ பெரிய நம்பர் நல்லா இருக்கும், பக்கத்துக் கம்பெனியோட நம்பரோட வச்சுப் பார்க்கும்போதும் நல்லா இருக்கும். நான் வேலை பார்த்த இடத்துலயே, மாசச் சம்பளத்துல ஒரு ரூபா ஏத்தாம சிடிசியை மட்டும் எப்படி ஏத்தலாம்னு மீட்டிங் நடக்கும்.

சரி, கையில எவ்வளவு? 26,500-ல உங்க பங்கு பிஎஃப் 1,800 போகும். தொழில் வரி, அதாவது புரொஃபஷனல் டாக்ஸ், சென்னையில ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 1,250. மாசத்துக்குப் பிரிச்சா சுமார் 208. இன்கம் டாக்ஸ் கிடையாது. 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி வராது, அதனால ஃப்ரெஷர்ஸ்ல பெரும்பாலானவங்க அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். ஆக, மாசம் பேங்க்குல விழறது ஏறக்குறைய 24,500. நாலரை லட்சத்தைப் பன்னிரண்டால வகுத்தா 37,500 வரும். வீட்டுல எல்லாரும் மனசுல வச்சிருக்கிறது அந்த 37,500-ஐத்தான்.

கோயம்புத்தூர் ஆஃபர்ல பிரேக்அப் ரெண்டே வரி. மாசம் 25,000, அதுல கம்பெனி பங்கு பிஎஃப் 1,800 அடக்கம். மீதி 23,200. அதுல உங்க பங்கு 1,800 போச்சுன்னா 21,400. தொழில் வரி போக 21,200.

24,500-க்கும் 21,200-க்கும் வித்தியாசம் 3,300. பேப்பர்ல வருஷத்துக்கு ஒன்றரை லட்சமா இருந்தது, கையில வருஷத்துக்கு 40,000-க்குப் பக்கத்துல வந்து நிக்குது.

நியாயமாப் பேசணும்னா, மீதி 1,32,000-உம் வெறும் காத்து இல்ல. ஒவ்வொண்ணா பார்க்கணும். பிஎஃப் உங்க காசுதான். என்ன, கம்பெனி கட்டுற 1,800-ல 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகும், 550 தான் உங்க பிஎஃப் கணக்குல சேரும். கோயம்புத்தூர்லயும் இதே பிஎஃப் இருக்கு, அதனால ரெண்டையும் ஒப்பிடும்போது இது அடிபட்டுப் போகும். கிராஜுவிட்டி நிரந்தர வேலைக்கு அஞ்சு வருஷம் முடிச்சாத்தான். ரெண்டு, மூணு வருஷத்துல வேற இடத்துக்கு மாறுறவங்களுக்கு அந்த 8,658 கண்ணாலயே பார்க்க முடியாத பணம். கால வரையறை ஒப்பந்தத்துல எடுக்கப்பட்டவங்களுக்கு மட்டும், 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல ஒரு வருஷத்துக்கே உண்டுன்னு வந்திருக்கு. இன்சூரன்ஸ் உடம்புக்கு ஏதாவது வந்தா உதவும். அப்பா அம்மாவைச் சேர்க்கலாமான்னு கேளுங்க. சேர்க்கலாம்னா அந்த வரிக்கு நிஜ மதிப்பு இருக்கு.

வேரியபிள் பேதான் சிக்கல். 45,000-ன்னு போட்டிருக்கு, ஆனா அது கம்பெனி லாபம், டீம் டார்கெட், உங்க ரேட்டிங் மூணையும் பொறுத்தது. இங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: "போன வருஷம் சேர்ந்த ஃப்ரெஷர்ஸுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?" பதில் சொல்ல முடிஞ்சா நல்லது. "அது பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது" அப்படின்னு மட்டும் வந்தா, உங்க கணக்குல அதைப் பூஜ்யம்னு வச்சுக்கோங்க. வந்தா போனஸ்.

ரிடென்ஷன் போனஸ் 50,000-உம் அதே மாதிரி. ஒரு வருஷம் இருந்தாத் தருவாங்க, சரி. ஆனா பல லெட்டர்ல சின்ன எழுத்துல இன்னொரு வரி இருக்கும்: வாங்கினப்புறம் இத்தனை மாசத்துக்குள்ள விட்டுட்டுப் போனா திருப்பிக் கொடுக்கணும். அப்ப அது சம்பளமா, கடனான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அடுத்தது, இந்த 24,500-ஐ எதோட ஒப்பிடுறது?

ஒரு கணக்கு சொல்றேன். 2010 வாக்குல பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் ஃப்ரெஷருக்குக் கொடுத்தது வருஷத்துக்கு 3 லட்சத்தை ஒட்டின தொகை. இன்னைக்கும் அதே கம்பெனிகளோட சாதாரண ஆஃபர் மூன்றரை லட்சத்தைச் சுத்தித்தான் நிக்குது. இந்தப் பதினஞ்சு வருஷத்துல டீயும் வீட்டு வாடகையும் பஸ் டிக்கெட்டும் எங்கயோ போயிடுச்சு. வருமான வரித்துறை சொத்து விற்பனைக் கணக்குக்காக வருஷா வருஷம் ஒரு விலையேற்றக் குறியீடு அறிவிக்கும். 2010-11-க்கு அது 167. 2025-26-க்கு 376. அந்த விகிதத்துல பார்த்தா, அன்னைக்கு 3 லட்சம் இன்னைக்கு 6.75 லட்சத்துக்குச் சமம். அந்தக் குறியீடே உண்மையான விலையேற்றத்துல முக்கால் பங்கைத்தான் கணக்குல எடுக்குது. உங்க சீனியர் அண்ணன் 2010-ல 3 லட்சத்துக்குச் சேர்ந்து பைக் வாங்கினார்னா, நீங்க மூன்றரைக்குச் சேர்ந்து ஏன் வாங்க முடியலன்னு வீட்டுல கேட்கிறப்போ இதைக் காட்டுங்க.

அதனால "நியாயமா"ன்னு கேட்டா, பதில் ரெண்டு. மார்க்கெட்ல எல்லாரும் கொடுக்கிறதுதானா? ஆமா. நாலு வருஷம் படிச்ச ஒருத்தர் நகரத்துல தனியா வாழப் போதுமான, காலத்துக்கு ஏத்த தொகையா? இல்ல. தமிழ்நாட்டுல மட்டும் நானூறுக்கு மேல இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. ஒரு சீட்டுக்கு பத்து பேர் நிக்கிற வரைக்கும் கம்பெனி ஏத்த வேண்டிய அவசியம் இல்ல. சேர்ந்தப்புறம் மாசக்கணக்குல ட்ரெயினிங் கொடுக்க வேண்டியிருக்கு, அந்தச் செலவு எங்களுக்குன்னு அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. என் அபிப்ராயம், கொஞ்சம்தான்.

இந்த ரெண்டு பதிலையும் குழப்பிக்காம இருக்கிறது முக்கியம். ஏன்னா மார்க்கெட் ரேட்டை நீங்க ஒருத்தரா மாத்த முடியாது. மார்க்கெட் ரேட்டுக்குக் கீழ உங்களை எடுக்கப் பார்த்தா, அதை மட்டும் நீங்க தடுக்கலாம்.

மார்க்கெட் ரேட் எப்படித் தெரியும்? ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் எல்லாரும் பார்ப்பீங்க. பாருங்க, ஆனா அதுல ஃப்ரெஷரும் அஞ்சு வருஷ அனுபவக்காரரும் ஒரே தலைப்புல கலந்து கிடப்பாங்க. அதைவிட நல்ல ஒரு இடம் இருக்கு, யாரும் போறதில்ல. என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு காலேஜும், வேலை கிடைச்ச மாணவர்களோட மீடியன் சம்பளத்தைக் கொடுக்கணும். அந்த பிடிஎஃப் என்ஐஆர்எஃப் தளத்துலயும் காலேஜ் தளத்துலயும் இருக்கும். மீடியன்னா எல்லாரையும் சம்பள வரிசையில நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளோட சம்பளம். ஃப்ளெக்ஸ்ல கோட் போட்டுச் சிரிக்கிறாரே, அவர் வரிசையோட கடைசி ஆள். உங்க காலேஜோடதும், அதே மாதிரி இன்னும் ரெண்டு காலேஜோடதும் எடுத்துப் பாருங்க. நடுவுல நிக்கிற ஆளுக்கு எவ்வளவோ, அதுதான் உங்க வட்டாரத்து ரேட்.

இன்னொரு வழி, போன வருஷ சீனியர்கிட்ட பேஸ்லிப்பையே கேட்கிறது. "எவ்வளவுண்ணா சம்பளம்?"னு கேட்டா சிடிசிதான் வாயில வரும். "பேங்க்ல எவ்வளவுண்ணா விழுது?"ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல சம்பளம் கேட்கிறது மரியாதை இல்லன்னு ஒரு பழக்கம் இருக்கு. அந்தப் பழக்கத்தால லாபம் கம்பெனிக்கு மட்டும்தான்.

அப்புறம் பேரம். "ஹெச்ஆர்கிட்ட பேசி ஏத்தலாமா?"ன்னு எல்லாரும் கேட்கிறீங்க. ஒரே நாள்ல முந்நூறு பேரை எடுக்கிற கம்பெனியில ஏத்த முடியாது. கேம்பஸுக்கு வர்ற ஹெச்ஆர் கையில அந்த அதிகாரமே இல்ல. முந்நூறு பேருக்கும் ஒரே ரேட், அது ஏற்கனவே தலைமை அலுவலகத்துல முடிவாயிடுச்சு. அங்க பேரம் வேற இடத்துல நடக்குது, அதான் டெஸ்ட்ல. டிசிஎஸ்ல நிஞ்சா, டிஜிட்டல், பிரைம்னு மூணு படி இருக்கு. முதல் படிக்கும் ரெண்டாவது படிக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மத்த பெரிய கம்பெனிகள்லயும் இதே மாதிரி படிகள் உண்டு. மூணு மாசம் கோடிங் பழகி அடுத்த படிக்குப் போறது, ஹெச்ஆர்கிட்ட முப்பது மெயில் எழுதறதைவிட அதிகம் தரும். சில கம்பெனிகள் சேர்ந்தப்புறமும் உள்ளேயே டெஸ்ட் வச்சு மேல தூக்குவாங்க. அப்படி ஒரு வழி இருக்கான்னு கேட்டு வச்சுக்கோங்க.

சின்ன கம்பெனியில கதை வேற. முதலாளியோ டெக்னிக்கல் ஹெட்டோதான் உங்களை இன்டர்வியூ பண்ணியிருப்பார், அவரே முடிவு பண்ணலாம். அங்க கேட்கலாம், கேட்டே ஆகணும். எப்படிக் கேட்கிறது? "சார், வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. எஜுகேஷன் லோன் கட்டணும், அதனால மாசம் 28,000 வந்தா எனக்கு வசதியா இருக்கும். இப்ப முடியலன்னா, ஆறு மாசம் கழிச்சு பார்த்து ஏத்தறதை லெட்டர்ல எழுதித் தர முடியுமா சார்?" இவ்வளவுதான். இன்னொரு இடத்துல நாலரை கொடுக்கிறாங்கன்னு மிரட்ட வேண்டாம். அவருக்கும் சிடிசி கணக்குத் தெரியும்.

இப்ப அந்த அக்ரிமென்ட்டுக்கு வரலாம். எனக்கு சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் இதுதான்.

பாண்ட் பத்தி ரெண்டு வதந்தி ஊர்ல சுத்துது. ஒண்ணு, "பாண்ட் எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடலாம்." இன்னொண்ணு, "பாண்ட்ல கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் அடிமை." ரெண்டும் தப்பு. உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்தக் கம்பெனியாலயும் முடியாது. ஆனா நஷ்ட ஈடு கேட்கலாம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, நியாயமான அளவுக்குத்தான் கேட்கலாம்னு சொல்லுது. பேப்பர்ல போட்ட தொகை அதிகபட்ச எல்லை மாதிரிதான். 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள விலகினா 2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு சொன்னது. அது பொதுத்துறை வங்கி, போட்டித் தேர்வு வச்சு ஆள் எடுக்கிற இடம், அந்தக் காரணங்களையும் கோர்ட் பார்த்தது. ஆனாலும் "பாண்ட் செல்லவே செல்லாது"ன்னு சொல்ற நண்பருக்கு இதைச் சொல்லுங்க.

நடைமுறையில ஒன்றரை லட்சத்துக்காக கம்பெனி கோர்ட் ஏறுறது அபூர்வம். அவங்க கையில வேற ஒண்ணு இருக்கு: ரிலீவிங் லெட்டர். நீங்க பணம் கட்டாம போனா அது வராது. அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அதைக் கேட்கும். அந்த வேலையை ரெஸ்யூமேல மறைச்சா, யுஏஎன் நம்பர்ல பிஎஃப் கட்டின வரலாறு காட்டிக் கொடுத்துடும். அதனால பாண்டோட உண்மையான விலை ஒன்றரை லட்சம் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு நல்ல வாய்ப்பு வந்தா நகர முடியாம போறது, அதுதான் விலை. முதல் வேலையில சம்பளம் நல்லா ஏறுறது பெரும்பாலும் முதல் தடவை மாறும்போதுதான். அந்தக் கதவை ரெண்டு வருஷம் பூட்டி வைக்கிறதுக்கு கம்பெனி உங்களுக்கு மாசம் 3,300 தருது. இப்படி வச்சுப் பாருங்க.

கூடவே நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு பாருங்க. 90 நாள்னா, ஃப்ரெஷருக்காக மூணு மாசம் காத்திருக்கிற அடுத்த கம்பெனி கிடைக்கிறது கஷ்டம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை சரிபார்க்கக் கொடுக்கலாம், அன்னைக்கே திருப்பி வாங்கிடணும். "எங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொன்னா அந்த இடம் வேண்டாம். ட்ரெயினிங் ஃபீஸ், டெபாசிட்னு உங்ககிட்ட பணம் கேட்டா, அது ஆஃபரே இல்ல. அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல.

ஜாயினிங் தேதியும் சம்பளத்தோட ஒரு பகுதிதான். 2023 பிப்ரவரியில விப்ரோ, ஆறரை லட்சம் ஆஃபர் வாங்கிட்டுக் காத்திருந்த ஃப்ரெஷர்ஸ்கிட்ட, மூன்றரை லட்சத்துக்கு இப்ப சேர்றீங்களான்னு கேட்டது எல்லாப் பத்திரிகையிலயும் வந்த செய்தி. ஜூலையில சேர்ந்தா 24,500, அடுத்த மார்ச்ல சேர்ந்தா எட்டு மாசத்துக்குப் பூஜ்யம். ஆனா எஜுகேஷன் லோன் வட்டி அந்த எட்டு மாசமும் ஓடும். பல காலேஜ்ல ஒருத்தருக்கு ஒரு ஆஃபர்தான், ஒண்ணு வாங்கிட்டா அடுத்த கம்பெனிக்கு உட்கார விட மாட்டாங்க. அப்ப இன்னும் மோசம். லெட்டர்ல தேதி இருக்கா, "பிசினஸ் தேவையைப் பொறுத்து"ன்னு இருக்கா, அந்த வரியைத் தேடிப் படிங்க.

இப்ப தேனிப் பொண்ணோட செலவுக் கணக்கு. 5 லட்சம் லோன், பத்து சதவீத வட்டி, பத்து வருஷம்னா மாசத் தவணை சுமார் 6,600. படிச்ச காலத்து வட்டியைக் கட்டாம விட்டிருந்தா அசல் கூடியிருக்கும், தவணையும் கூடும். பேங்க்ல கேட்டுக்கோங்கம்மா. ஓஎம்ஆர்ல ஷேரிங் ரூம், சாப்பாட்டோட பிஜி 8,500-ன்னு வைப்போம். பஸ், ஷேர் ஆட்டோ 1,500. போன் ரீசார்ஜ், சில்லறை 500. தவணையோட சேர்த்து 17,100. 24,500-ல மீதி 7,400. கோயம்புத்தூர் சரவணம்பட்டி பக்கம் பிஜி 6,500, போக்குவரத்து 1,000, சில்லறை 500, தவணை 6,600. மொத்தம் 14,600. 21,200-ல மீதி 6,600.

வித்தியாசம் மாசம் 800 ரூபா.

பிஜி வாடகை உங்க இடத்துக்கு மாறும், நீங்களே விசாரிச்சுப் போட்டுப் பாருங்க. ஆனா எந்த ஊர் போனாலும் முதல் மாசம் முடியற வரைக்கும் சம்பளம் வராது. பிஜி அட்வான்ஸ், முதல் மாச வாடகை, ரெண்டு செட் ஃபார்மல்ஸ், ஒரு பெட்ஷீட், பக்கெட்னு கையில 25,000, 30,000 இல்லாம கிளம்பாதீங்க. இதை யாரும் சொல்றதில்ல. முதல் மாசமே ஃப்ரெண்ட்கிட்ட கடன் வாங்கி ஆரம்பிச்சா, அதை அடைக்கவே நாலு மாசம் ஆகும்.

ஆக, இந்த ரெண்டு ஆஃபர்ல நான் எதைச் சொல்வேன்? மாசம் 800 ரூபாய்க்காக யாரும் ஊர் மாற வேண்டாம். மத்ததை வச்சு முடிவு பண்ணணும். அந்த எம்பெடட் கம்பெனியில முதல் வருஷமே மைக்ரோகன்ட்ரோலர்ல கோட் எழுத வைப்பாங்க, போர்டை டெஸ்ட் பண்ண வைப்பாங்கன்னா, ரெண்டு வருஷத்துல ரெஸ்யூமேல சொல்ல உங்ககிட்ட ஏதாவது இருக்கும். இசிஇ படிச்சவங்களுக்கு அது பெரிய விஷயம். ஐடி கம்பெனியில என்ன ப்ராஜெக்ட்னு சேர்ற வரைக்கும் தெரியாது. டெவலப்மென்ட் கிடைக்கலாம், நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டும் கிடைக்கலாம். ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்வியைக் கேளுங்க: "போன வருஷம் சேர்ந்தவங்க இப்ப என்ன வேலை பார்க்கிறாங்க? அவங்கள்ல ஒருத்தர்கிட்ட பேசலாமா?"

சின்ன கம்பெனியில பயம் என்னன்னா, சம்பளம் ஒழுங்கா வருமா. அதுக்கு ஒரு வழி இருக்கு. இபிஎஃப்ஓ தளத்துல நிறுவனத்தோட பேரைப் போட்டுத் தேடலாம். மாசா மாசம் எத்தனை பேருக்கு பிஎஃப் கட்டியிருக்காங்க, எந்தத் தேதியில கட்டியிருக்காங்கன்னு தெரியும். முப்பது பேர்னு சொன்ன கம்பெனி பன்னிரண்டு பேருக்குத்தான் கட்டியிருக்கா? மூணு மாசத்துக்கு ஒருதடவை சேர்த்துக் கட்டுதா? அப்ப சம்பளமும் அப்படித்தான் வரும்னு எதிர்பார்க்கலாம். ஒழுங்கா கட்டியிருந்தா, ஏத்திக் கேட்டுட்டு, கோயம்புத்தூருக்குப் போறதுல எனக்குத் தயக்கம் இல்ல. 25,000-ங்கிறது எம்பெடட் வேலைக்குக் கொஞ்சம் கம்மிதான், அதனால கேட்காம மட்டும் சேராதீங்க. அப்பாகிட்ட சிடிசி நம்பரைச் சொல்லாம, இந்த ரெண்டு மாசக் கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. நாலரை, மூணுன்னு பேசினா அவர் சொல்றதுதான் சரி. 7,400, 6,600-ன்னு பேசினா பேச்சே வேற.

கடைசியா, மெக்கானிக்கல் பசங்க நிறைய பேர் கேட்ட ஒரு விஷயம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் கோர் கம்பெனி ஆஃபர்ல பதவி என்னன்னு முதல்ல பாருங்க. கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னின்னா நீங்க ஊழியர். கிராஜுவேட் அப்ரன்டிஸ்னு இருந்தா, அது 1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டத்துக்குக் கீழ வரும், நீங்க ஊழியர் இல்ல. பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, ஒரு வருஷம் முடிஞ்சப்புறம் வேலை தரணும்னு கட்டாயமும் கிடையாது. பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்சம் 9,000-ன்னு 2019-ல நிர்ணயிச்சாங்க, பல கம்பெனி அதைவிட அதிகமா தருது. கத்துக்கப் போறது தப்பில்ல. ஆனா ரெண்டு ஆஃபரை ஒப்பிடும்போது, இதைச் சம்பளம்னு நினைச்சு ஒப்பிடாதீங்க.

ட்ரெய்னி வேலையில மாசச் சம்பளம் 21,000 அல்லது அதுக்குக் கீழன்னா இஎஸ்ஐ பிடிப்பாங்க, 0.75 சதவீதம். 20,000-க்கு 150 ரூபா. அதைப் பார்த்து கடுப்பாகாதீங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் அதுல வைத்தியம் பார்க்கலாம். பஸ்ஸும் கேன்டீனும் கம்பெனியே தருதுன்னா, மாசம் மூவாயிரம், நாலாயிரம் மிச்சம். அந்தப் பஸ் உங்க ரூம் இருக்கிற ரூட்ல வருதான்னு மட்டும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி ஒரு மணிக்கு சுங்குவார்சத்திரத்துல இறங்கி நின்னா ஆட்டோ கிடைக்காது.

உங்க ஆஃபர் லெட்டரோட பிரேக்அப்பை அனுப்புங்க. கம்பெனி பேரையும் உங்க பேரையும் மறைச்சுட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேஸ்லிப்பை எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.